63 நிமிடம், ஒரே பாட்டு: ‘டோப்ஸ்மோக்கர்’ கிடப்பில் போன கதை

1996-ல் லண்டன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் கைக்கு ஓர் ஆல்பம் வந்து சேர்ந்தது. எத்தனை பாட்டு என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. நீளம் ஒரு மணி நேரத்தை ஒட்டி. முதல் எட்டு நிமிடத்துக்குப் பாடுபவர் வாயையே திறக்கவில்லை. திறந்த பிறகும், கஞ்சாப் புகையோடு பாலைவனத்தைக் கடந்து போகும் ஒரு யாத்திரைக் கூட்டத்தைப் பற்றித்தான் பாடுகிறார், அதுவும் கிட்டத்தட்ட ஒரே சுரத்தில். முன்பணம் கொடுத்திருந்த நிறுவனம் அதை வெளியிட மறுத்துவிட்டது. சில ஆண்டுகளில் குழு கலைந்தது. இன்று டூம் மெட்டல் என்னும் மெதுவான, கனத்த ராக் இசையின் வரலாற்றை யார் எழுத உட்கார்ந்தாலும் இந்த ஆல்பத்தைச் சுற்றிக்கொண்டு போக முடியாது.

குழுவின் பெயர் ஸ்லீப். ஆல்பம் ‘ஜெருசலேம்’ என்றும் ‘டோப்ஸ்மோக்கர்’ என்றும் இரண்டு பெயர்களில், இரண்டு நீளங்களில் கிடைக்கிறது. கலைஞன் நல்லவன், கம்பெனிக்காரன் காது கேளாதவன் என்ற வாய்பாட்டில்தான் ரசிகர்கள் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. லண்டன் ரெக்கார்ட்ஸ் தயங்கியதற்கு அதன் கணக்கில் நியாயம் இருந்தது. வெளியிடாத ஒரு பதிவு வேறு எவர் கைக்கும் போகாமல் கிடக்க அந்தத் தொழில் இடம் கொடுத்தது பாருங்கள், கோளாறு அங்கேதான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் இந்த இசை எதற்காக இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

சான் ஹோசேயில் தொடங்கியது

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 1990 வாக்கில் உருவான குழு இது. பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவர் ஆல் சிஸ்னெரோஸ், கிட்டார் மேட் பைக், டிரம்ஸ் கிரிஸ் ஹேக்கியஸ். ஆரம்பத்தில் ஜஸ்டின் மார்லர் என்ற இன்னொரு கிட்டார்காரரும் இருந்தார். 1991-ல் முதல் ஆல்பம் வந்த கையோடு அவர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் துறவியாகப் போய்விட்டார். பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்தால், குழுவில் உருப்படியான முடிவு எடுத்தவர் அவர்தானோ என்று தோன்றும்.

மூவராக மிஞ்சியவர்கள் ‘ஸ்லீப்ஸ் ஹோலி மவுண்டன்’ என்று ஒரு டேப்பைப் பதிவு செய்து இங்கிலாந்தின் இயரேக் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பினார்கள். நேப்பாம் டெத் போன்ற அதிவேகக் குழுக்களால் பெயர் வாங்கிய லேபிள் அது. அங்கே இந்த ஆமை வேக டேப்புக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் அதை மாதிரிப் பதிவாக எடுத்துக்கொள்ளாமல், வந்தது வந்தபடியே ஆல்பமாக வெளியிட்டார்கள். அந்த ஆல்பம் வாங்கித் தந்த பெயர்தான் பெரிய லேபிள்களை இவர்கள் வாசலுக்கு வரவைத்தது.

அது வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ 1991 செப்டம்பரில் வெளிவந்து சந்தையைத் தலைகீழாக்கியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு அமெரிக்கப் பெருநிறுவனங்கள் சத்தமாக வாசிக்கும் எவரையும் விட்டுவைக்கவில்லை. மெல்வின்ஸ் குழுவை அட்லாண்டிக் எடுத்தது, கயஸ் எலெக்ட்ராவின் கீழ் வந்தது. அந்த அலையில்தான் ஸ்லீப்புக்கும் லண்டன் ரெக்கார்ட்ஸோடு ஒப்பந்தம் ஆனது. படைப்பு விஷயத்தில் முழுச் சுதந்திரம் என்ற வாக்குறுதிக்காகவே அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கைக்கு வந்த முன்பணத்தில் பெரும்பகுதி சொல்லிச் செய்வித்த வால்வ் ஆம்ப்களுக்கும் (கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பாணி ஒலிபெருக்கிகள்) கஞ்சாவுக்கும் போனதாக இந்த வட்டாரத்தில் பேச்சு. ஆம்ப் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், பதிவைக் கேட்டாலே தெரியும்.

கீழே இறங்கும் சுருதி

டூம் மெட்டலுக்கு மூலம் பிளாக் சாபத் என்ற இங்கிலாந்துக் குழு. பர்மிங்காமில் இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அதன் கிட்டார்காரர் டோனி அயோமி 17 வயதில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். விரல் நுனிக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டார், மெலிதான கம்பி போட்டார், பிற்பாடு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் மூன்று அரைச்சுரம் கீழே போனார். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு ஓர் இருமலோடு தொடங்கி கஞ்சாவைப் புகழ்ந்து பாடுகிறது. ஸ்லீப்பின் மொத்த வேதமும் அந்த ஒரு ஆல்பத்துக்குள் இருக்கிறது என்றால் மிகையில்லை.

ஸ்லீப் இன்னும் ஒரு படி இறங்கியது. வழக்கமாக கிட்டாரின் தடித்த கம்பி ‘ஈ’யில் நிற்கும், சுமார் 82 ஹெர்ட்ஸ். இவர்கள் அதை ‘சி’க்கு இறக்கி 65 ஹெர்ட்ஸில் வைத்தார்கள். பேஸ் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, 33 ஹெர்ட்ஸ் அருகில். அந்த ஒலியலையின் ஒரு சுழற்சிக்குக் காற்றில் பத்து மீட்டருக்கு மேல் இடம் வேண்டும், அதாவது நம் வீட்டுக் கூடங்கள் பெரும்பாலானவற்றை விட நீளம். இத்தனை தாழ்ந்த சுரத்தைப் பெரிய வால்வ் ஆம்ப்களில் முடுக்கிவிட்டால் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும். வேகமாக வாசித்தால் எல்லாம் கலங்கிக் குழம்பாகிவிடும். ஒரு சுரம் மலர்ந்து, அதன் மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக எழும்பி, ஆம்ப்பின் ஒலியே கிட்டாருக்குள் புகுந்து ஃபீட்பேக்காகத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். இந்த இசையின் நிதானத்துக்குச் சோம்பலைக் காரணம் சொல்பவர்கள் ஆம்ப் முன்னால் நின்று பார்க்காதவர்கள்.

சைக்கடெலிக் தாக்கம் என்று சொல்லும்போது வண்ணச் சுழல்களும் எதிரொலி விளைவுகளும் நினைவுக்கு வரும். 1970களின் ஹாக்விண்ட் குழு அப்படித்தான் செய்தது: ஒரே தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டு மேலே மின்னணு ஓசைகளைத் தூவியது. ஸ்லீப் அந்தத் தூவலையெல்லாம் களைந்துவிட்டு, விடாமல் அடிப்பதை மட்டும் வைத்துக்கொண்டது. போதை தரவேண்டியது திரும்பத் திரும்ப வருவதுதான் என்பது இவர்கள் கண்டுபிடிப்பு.

‘டோப்ஸ்மோக்கர்’ தொடங்குவதைக் கவனியுங்கள். முதலில் கிட்டார் மட்டும். மேட் பைக் ஒரு ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு சுரக்கோவையை, அவசரமில்லாமல் வாசிக்கிறார். ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே ஆம்ப்பின் இரைச்சல் தெளிவாகக் கேட்கிறது. பிறகு பேஸும் டிரம்ஸும் ஒரே அடியாக உள்ளே வரும்போது, நாம் இதுவரை கேட்டது அரை உருவம்தான் என்று தெரிகிறது. அதே ரிஃப் மறுபடி. மறுபடி. மூன்றாவது நிமிடத்தில் மனம் ‘சரி, அடுத்தது என்ன’ என்று கேட்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் எரிச்சல். அதற்கப்புறம் ஏதோ ஒரு கட்டத்தில் அப்படிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, ஹேக்கியஸ் தன் தட்டங்களை எங்கே கொஞ்சம் தாமதித்து அடிக்கிறார், பைக் எந்தச் சுரத்தின் வாலை இழுக்கிறார் என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். குரல் வருவது அப்போதுதான். இரண்டாவது நிமிடத்திலேயே வந்திருந்தால் அது சாதாரணக் கரகரப்பாக இருந்திருக்கும். எட்டு நிமிடம் காய்ந்து கிடந்த பிறகு வருவதால் மடாலயத்து ஓதல் போலக் கேட்கிறது.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு நீளம் ஒரு பயமே இல்லை. பல்லவியின் ஒற்றை வரியை முக்கால் மணி நேரம் வைத்து விளையாடுவதை உட்கார்ந்து ரசிக்கிறோமே. ஆனால் பல்லவியில் வித்வான் அந்த வரியை விரித்துக்கொண்டே போவார், காலம் மாற்றுவார், கணக்கு வைப்பார். ஸ்லீப் விரிப்பதே இல்லை. நடுவே கிட்டார் தனி எழும்புகிறது, வேகம் லேசாக அசைகிறது, ஒரு ரிஃப் இன்னொன்றாக நகர்கிறது, அவ்வளவுதான். தம்புராவே கச்சேரி செய்தால் எப்படியோ அப்படி. சிஸ்னெரோஸும் ஹேக்கியஸும் பிற்பாடு ‘ஓம்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஹேக்கியஸ் விலகிய பிறகு, 2009-ல் வந்த ‘காட் இஸ் குட்’ ஆல்பத்தில் சிஸ்னெரோஸ் நிஜத் தம்புராவையே கொண்டுவந்து வைத்தார். கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் தோன்றியது.

நாடாவுக்குள் அடங்காத பாட்டு

பதிவு நடந்தது கலிஃபோர்னியாவின் மெண்டோசினோ வட்டாரத்தில் கோம்ப்ச்சி என்ற சிற்றூரில். தயாரிப்பாளர் பில்லி ஆண்டர்சன், கனமான குழுக்களைப் பதிவு செய்வதில் கைதேர்ந்தவர்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். அன்று தொழில்முறைப் பதிவு என்றால் இரண்டு அங்குல அகல நாடா. 2,500 அடி நீளமுள்ள ஒரு சுருள், நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் பதினாறரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். பாதி வேகத்தில் ஓட்டினாலும் 33 நிமிடம். எப்படிப் பார்த்தாலும் பாட்டு ஒரு சுருளில் அடங்காது. ஆகவே துண்டு துண்டாக வாசித்து ஒட்டினார்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் முதல் துண்டை முடித்து, நாடா மாற்றி, அடுத்ததைத் தொடங்கும்போது அதே வேகம், அதே சூடேறிய ஆம்ப், அதே மனநிலை மூவருக்கும் வேண்டும். எழுதி வைத்த இசைத்தாள் கிடையாது. எந்த ரிஃப் எத்தனை முறை என்பதையெல்லாம் மூவரும் நினைவில் சுமந்தார்கள். இதற்காகத்தான் பாட்டைப் பல ஆண்டு ஒத்திகை பார்த்தார்கள்.

விற்கப் போகும் வடிவத்திலும் இதே தொல்லை. எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கம் தரம் கெடாமல் தாங்குவது சுமார் 22 நிமிடம். இந்தப் பாட்டுக்கு மூன்று பக்கம் வேண்டும், இரண்டு முறை எழுந்துபோய்த் திருப்ப வேண்டும். 90 நிமிட கேசட்டிலும் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் ஒலிக்கக்கூடியதாக அன்று இருந்தது 74 நிமிட சிடி ஒன்றுதான். வால்வையும் நாடாவையும் கும்பிட்ட குழுவின் பெருஞ்செயல் டிஜிட்டல் வட்டில் மட்டுமே முழுசாக அடங்கியிருக்கும்.

மறுப்பு

பதிவைக் கேட்ட லண்டன் ரெக்கார்ட்ஸுக்குப் பிடிக்கவில்லை. டேவிட் சார்டி என்ற தயாரிப்பாளரைக் கொண்டு, பதிவான ஒலிகளை வேறு விதமாகக் கலந்து இன்னொரு மிக்ஸ் செய்யப்பட்டது. அதுவும் வெளிவரவில்லை. குழுவோ பாட்டை உடைக்கத் தயாராக இல்லை.

நிறுவனத்தின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கலாம். 1996-ல் ஒரு ராக் ஆல்பம் விற்கப்படும் வழி ஒன்றுதான்: மூன்றரை நிமிட சிங்கிள் ஒன்று ரேடியோவுக்குப் போகும், அதற்கு ஒரு வீடியோ எம்.டி.வி.க்குப் போகும், அதைப் பார்த்தவர் கடைக்கு வருவார். ஒரே பாட்டுள்ள ஆல்பத்தில் சிங்கிளாக எதைக் கிள்ளி எடுப்பது? முதல் எட்டு நிமிடத்தில் குரலே இல்லை. வரியில் போதைப்பொருள். அதோடு, ‘நெவர்மைண்ட்’ கிளப்பிய அலையும் வற்றத் தொடங்கியிருந்தது. கயஸ் கலைந்துவிட்டது. மெல்வின்ஸ் குழுவும் சீக்கிரமே அட்லாண்டிக்கை விட்டு வெளியே வந்தது. ஐந்து ஆண்டுக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு காசோலை எழுதியவர்கள் இப்போது கண்ணைத் திறந்திருந்தார்கள்.

ஆனால் ‘நீளம் விற்காது’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1973-ல் மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ இரண்டு பக்கம், இரண்டு நீண்ட துண்டு, பாட்டென்று ஏறத்தாழ எதுவும் இல்லாமல் வந்தது. வர்ஜின் ரெக்கார்ட்ஸ் என்ற புது நிறுவனத்தை நிமிர்த்தி நிற்கவைத்ததே அதுதான். அதன் தொடக்கப் பகுதி ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் ஒலித்தது விற்பனைக்குப் பெரிய கை கொடுத்தது. ஸ்லீப்புக்கு மிக அருகிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. எர்த் குழு 1993-ல் சப் பாப் லேபிளில் 70 நிமிடத்தைத் தாண்டிய, டிரம்ஸ் பெயருக்குக்கூட அதிகம் இல்லாத ‘எர்த் 2’வை வெளியிட்டது. சப் பாப் சின்ன லேபிள். சில ஆயிரம் பேர் வாங்கினாலும் அதற்குக் கட்டுப்படியாகும். பாலிகிராம் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் ரெக்கார்ட்ஸுக்குக் கட்டுப்படியாகாது. ஆக பாட்டின் நீளமும் லேபிளின் அளவும் பொருந்தவில்லை என்பதுதான் சரியான கணக்கு. இயரேக்கிடம் இதே டேப் போயிருந்தால் அப்படியே அச்சாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

குழுவின் மீதும் பிழை இல்லாமல் இல்லை. ‘முழுச் சுதந்திரம்’ என்ற வார்த்தையை அவர்கள் முழுசாக நம்பினார்கள். வழக்கமான அமெரிக்க ஒப்பந்தத்தில் அந்தச் சுதந்திரம் ஸ்டூடியோ வாசலோடு முடிந்துவிடும். என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம், வாசித்த நாடா நிறுவனத்துக்குச் சொந்தம், அதை வெளியிட்டே தீர வேண்டும் என்று தனியே எழுதி வாங்காவிட்டால் வெளியிட வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. முன்பணம் வரவேண்டிய ராயல்டியில் கழியும் கடன். ஆல்பம் வராவிட்டால் ராயல்டியும் வராது, கடன் அப்படியே நிற்கும். போதாததற்கு, கொடுத்த பாட்டைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வேறொருவருக்காக மறுபடி பதிவு செய்யவும் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கும். இது இந்த ஒரு நிறுவனத்தின் குணமல்ல, தொழிலின் பொது வழக்கம். நிறுவனம் ஓர் ஆல்பத்தை வேண்டாம் என்று சொல்லலாம், அது அதன் உரிமை. வேண்டாம் என்றதை வேண்டியவர் கைக்கு விட்டுவிடும் கடமையும் சேர்ந்தே இருக்க வேண்டாமா? அது இல்லாததால் ஒரு மறுப்பே குழுவைக் கொல்ல முடிந்தது. பல ஆண்டு உழைப்பு ஒரே பாட்டில் போட்டாயிற்று, அந்தப் பாட்டு வெளியே வராது, புதிதாக எழுத மனசு வராது. 1998-ல் பைக் ‘ஹை ஆன் ஃபயர்’ குழுவைத் தொடங்கிவிட்டார்.

இரண்டு பெயர்கள், பல பதிப்புகள்

அதற்குள் டேப் கைமாறிக் கைமாறிப் பரவியிருந்தது. 1999-ல் அமெரிக்காவில் மியூசிக் கார்ட்டல், இங்கிலாந்தில் ரைஸ் அபவ் லேபிள்கள் ‘ஜெருசலேம்’ என்ற பெயரில் 52 நிமிடப் பதிப்பை வெளியிட்டன. ஒரே பாட்டை ஆறு டிராக்காக வெட்டி, முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று எண் போட்டிருந்தார்கள். 2003-ல் டீ பீ ரெக்கார்ட்ஸ் 63 நிமிடம் ஓடும், வெட்டாத, ‘டோப்ஸ்மோக்கர்’ என்ற பெயருள்ள பதிப்பைக் கொண்டுவந்தது. 2005-ல் ஜிம் ஜார்முஷ் தன் ‘ப்ரோக்கன் ஃப்ளவர்ஸ்’ படத்தில் அதிலிருந்து ஒரு துண்டைப் பயன்படுத்தினார். 2012-ல் சதர்ன் லார்ட் புதிய மாஸ்டரோடும், ஆரிக் ரோப்பர் வரைந்த பாலைவன யாத்திரை அட்டையோடும் மறுவெளியீடு செய்தது. அந்த இரட்டை இசைத்தட்டில் பாட்டு மூன்று பக்கம் போக, மிஞ்சிய நான்காவது பக்கத்துக்கு ஒரு நேரடி மேடைப் பதிவு.

2009-ல் குழு இங்கிலாந்தின் ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ் விழாவில் மறுபடி மேடையேறியது. பிறகு ஹேக்கியஸ் ஒதுங்கிக்கொள்ள, நியூரோசிஸ் குழுவின் ஜேசன் ரோடர் டிரம்ஸுக்கு வந்தார். 2018 ஏப்ரல் 20 அன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸ் வழியே ‘தி சயின்சஸ்’ ஆல்பம் வந்தது. 4/20 என்பது கஞ்சாவுக்கான சங்கேத எண், தேதியைப் பார்த்தே கஞ்சாக்காரர்கள் சிரித்திருப்பார்கள். அடுத்த ஆண்டு ஹை ஆன் ஃபயருக்கு மெட்டல் பிரிவில் கிராமி கிடைத்தது.

ஸ்ட்ரீமிங் காலத்தில் இந்த வழக்குக்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பு சேர்ந்திருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி தாண்டினால் ஒரு கேட்பு என்று கணக்கு. 31 நொடிப் பாட்டும் ஒன்றுதான், ‘டோப்ஸ்மோக்கரின்’ 63 நிமிடமும் ஒன்றுதான். அதே இசையை ஆறாக வெட்டிய பதிப்பை முழுக்கக் கேட்டால் ஆறு. அன்று ரேடியோவுக்காக வெட்டச் சொன்னார்கள், இன்று கல்லா வெட்டச் சொல்கிறது.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 2012 பதிப்பு, சந்தேகமில்லாமல். பேஸின் அடித்தளம் அதில்தான் கரைந்துபோகாமல் நிற்கிறது. ‘ஜெருசலேமை’ இரண்டாவதாகக் கேளுங்கள், அது மோசமான பதிவல்ல, ஆனால் டிராக் எண் மாறும் இடங்களைக் கண் தேடிக்கொண்டே இருக்கும். கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், 65 ஹெர்ட்ஸை அது எட்டவே எட்டாது, மிஞ்சுவது கொசு ரீங்காரம். நல்ல ஹெட்ஃபோனோ பழைய பெட்டி ஸ்பீக்கரோ போதும். கஞ்சாவும் தேவையில்லை. நான் இதை எப்போதும் ஃபில்டர் காபியோடுதான் கேட்டிருக்கிறேன், குரல் உள்ளே வரும்போது டம்ளர் சரியாகக் காலியாகிவிடும்.